விக்கிப்பீடியாவில் எங்கள் ஊர்க் குளத்தை எழுதுவது எப்படி?

மாரி முடிகிற நேரம், வட இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கமிருந்து என் பெறாமகள் போன் எடுத்தாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளை. "பெரியம்மா, எங்கட குளத்தைப் பற்றி விக்கிப்பீடியாவில ஒரு வரிகூட இல்லை. நான் எழுதட்டே?" என்று கேட்டாள். எழுது என்றேன். இருந்த சந்தோசத்தில் வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. அன்றிரவே இருந்து எழுதி முடித்துவிட்டாள். அடுத்த நாள் மத்தியானம் மறுபடி அழைத்தபோது குரல் உடைந்திருந்தது. கட்டுரை நீக்கப்பட்டிருந்தது.

அவள் எழுதியதை அனுப்பச் சொல்லி வாசித்தேன். பாதிக்கு மேல் ஒரு பாடசாலையின் பொன்விழா மலரிலிருந்து சொல்லுக்குச் சொல் எடுத்தது. மீதி, 'இயற்கை எழில் கொஞ்சும் எமது கிராமத்தின் உயிர்நாடி' என்ற மாதிரி. நீக்கியவர் செய்தது சரிதான். எழுது என்று சொன்ன நான், எப்படி என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வன்னியிலிருந்து எழுத வருகிற இன்னொரு பிள்ளைக்கு முதல் நாளே இது கையில் இருக்கட்டும்.

அவளுடைய முதல் கேள்வி, "அங்க எழுதுறவைக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது?" என்பது. ஒருவரும் இல்லை. விக்கிப்பீடியா 2001 சனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் வந்தது. தொடக்க ஆண்டுகளில் அதைத் தோளில் சுமந்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். ஆயிரக்கணக்கான கட்டுரைகளை அவர் தொடங்கி வைத்திருக்கிறார். இன்று தமிழில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. அத்தனையும் வேலை முடித்து, சமையல் முடித்து, பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு வந்து எழுதியவர்களின் உழைப்பு.

அது எப்படி ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒன்றையே சொன்னேன். சிறுபோக நெற்செய்கைக்குக் குளத்தின் துருசு (மதகு) திறக்க முன் கமக்காரர் அமைப்பு கூட்டம் வைத்து வாய்க்கால் துப்புரவுக்கு நாள் குறிக்கும். ஒவ்வொருவரும் தன் வயலுக்கு நேரே உள்ள துண்டைச் செதுக்குவார்கள். முழு வாய்க்காலையும் ஒருவர் செதுக்குவதில்லை. விக்கிப்பீடியாவும் அப்படித்தான். ஒருவர் ஒரு வசனம் சேர்ப்பார், அடுத்தவர் எழுத்துப்பிழை திருத்துவார், மூன்றாமவர் ஒரு படம் போடுவார். நாலாமவர் வந்து 'இதற்குச் சான்று எங்கே?' என்று கேட்பார். அந்த நாலாமவர் மீது கோபப்படாமல் இருக்கப் பழகுவதுதான் முதல் பாடம்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே 'வரலாற்றைக் காட்டு' என்று ஓர் இணைப்பு இருக்கும். அந்தக் கட்டுரையில் யார், எந்த நாளில், எந்த நிமிடத்தில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. பழைய வடிவங்கள் எல்லாம் அப்படியே சேமிக்கப்பட்டிருக்கும். நீங்கள் தவறுதலாக ஒரு பந்தியை அழித்துவிட்டாலும் ஒரே சொடுக்கில் திரும்பக் கொண்டுவரலாம். என் பெறாமகளுக்கு இருந்த பெரிய பயம், தன் கையால் எதையாவது உடைத்துவிடுவோமோ என்பது. ஒரு மாலை முழுக்க அவளை அந்த வரலாற்றுப் பக்கங்களை வாசிக்கச் சொன்னேன். நல்ல கட்டுரைகள்கூட ஒரு வரிக் குறுங்கட்டுரையாகப் பிறந்து எத்தனையோ கைபட்டு வளர்ந்தவை என்று கண்ணால் பார்த்த பிறகு அந்தப் பயம் போய்விட்டது.

கணக்குத் திறப்பது

இதில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு பயனர் பெயர், ஒரு கடவுச்சொல், மறந்தால் மீட்க ஒரு மின்னஞ்சல். சொந்தப் பெயரில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நம் பக்கத்தில் பலருக்குப் பெயர் வெளியே தெரிவதில் தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கத்துக்கு இங்கே இடம் உண்டு. பிடித்த மரத்தின் பெயரை வைக்கலாம், வாய்க்கால் பெயரை வைக்கலாம். நீங்கள் செய்யும் எல்லாத் திருத்தங்களும் அந்தப் பெயரின் கீழ் எல்லோருக்கும் தெரியும்படி நிற்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பயனர் பக்கத்தில் தொலைபேசி இலக்கம், வீட்டு விலாசம் எதுவும் வேண்டாம். சங்கத்தின் பெயரிலோ கடையின் பெயரிலோ கணக்குத் திறக்கக் கூடாது. ஒரு கணக்கு, ஒரு ஆள்.

முதல் வாரம்: சின்னக் கை வேலைகள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நேரே புதுக் கட்டுரை தொடங்கத்தான் ஆசைப்படுகிறார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் முதல் வாரம் ஏற்கெனவே இருக்கிற கட்டுரைகளில் வேலை செய்வது நல்லது. கிளிநொச்சி, மாங்குளம், முள்ளியவளை, துணுக்காய் என்று உங்களுக்குத் தெரிந்த ஊர்ப்பெயர்களைத் தேடி வாசியுங்கள். 'குளம்' என்பது 'குலம்' என்று விழுந்திருக்கும், 'வயல் வெளி' இரண்டு துண்டாகக் கிடக்கும், ஒரு வசனம் எழுவாய் இல்லாமல் நிற்கும். 'தொகு' என்பதை அழுத்துங்கள். கைபேசியில் அது பென்சில் அடையாளமாகத் தெரியும். திருத்துங்கள். சேமிக்க முன் என்ன செய்தீர்கள் என்று எழுத ஒரு சிறு பெட்டி வரும். அதில் 'எழுத்துப்பிழை திருத்தம்' என்று இரண்டு சொல் எழுதுங்கள். அந்த இரண்டு சொல்லுக்குப் பெரிய மதிப்பு இருக்கிறது. அண்மைய மாற்றங்களைக் கண்காணிக்கிற தன்னார்வலர் ஒருவர் அதைப் பார்த்ததும், வந்தவர் பொறுப்பானவர் என்று புரிந்துகொள்வார்.

அப்புறம் உள்ளிணைப்பு. ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள், [[இரணைமடுக் குளம்]] என்று இப்படி வைத்தால், அது அந்தப் பெயருள்ள கட்டுரைக்கு வழியாகிவிடும். நீல நிறமாக வந்தால் கட்டுரை இருக்கிறது. சிவப்பாக வந்தால் இன்னும் எழுதப்படவில்லை. நம் மாவட்டங்கள் பற்றிய பக்கங்களில் சிவப்பு இணைப்பைக் கண்டால் எனக்கு உடனே மனம் பரபரக்கும். யாரோ ஒருவர் எழுத வேண்டிய கட்டுரைக்கு அங்கே ஏற்கெனவே பெயர் வைத்தாயிற்று.

இணைப்புக் கொடுக்கும்போது ஒரு கவனம் தேவை. அவள் ஒருமுறை ஊரில் உள்ள மரங்களைப் பற்றி எழுதும்போது 'பாலை' என்ற சொல்லுக்கு இணைப்புக் கொடுத்தாள். நமக்குப் பாலை என்றால் காட்டு மரம். ஆனி, ஆடியில் பழுக்கும், மஞ்சளாகச் சொரியும், தின்றால் உதடு ஒட்டும். சங்க இலக்கியம் படித்தவருக்குப் பாலை ஒரு திணை. மற்றவருக்கு அது மணற்காடு. ஒரே பெயருக்குப் பல பொருள் இருந்தால் விக்கிப்பீடியாவில் 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று ஒரு பக்கம் வைத்து ஒவ்வொன்றுக்கும் வழி காட்டுவார்கள். இணைப்பைச் சேமித்த பிறகு ஒருமுறை அதை அழுத்தி, எங்கே போய் இறங்குகிறது என்று பாருங்கள்.

எதையும் எழுதிப் பழக 'மணல்தொட்டி' என்று ஒரு பக்கம் உண்டு. மணலில் எழுதி அழிப்பதுபோல அங்கே எதை வேண்டுமானாலும் எழுதிப் பார்க்கலாம்.

சான்று

இனி வருவதுதான் முக்கியம். இதை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

விக்கிப்பீடியாவில் ஒரு தகவல் நிற்க வேண்டுமென்றால், அது ஏற்கெனவே நம்பகமான ஓரிடத்தில் பிரசுரிக்கப்பட்டிருக்க வேண்டும். வாசிக்கிறவர் விரும்பினால் அங்கே போய்ச் சரிபார்க்க முடிய வேண்டும். எனக்குத் தெரியும், என் அப்பு சொன்னவர், நான் கண்ணால் கண்டேன் என்பவை அங்கே செல்லாது. இதைச் சொன்னபோது பிள்ளைக்கு முகம் மாறியது போனிலேயே தெரிந்தது.

"அப்ப அம்மம்மா சொன்னது பொய்யோ?"

பொய் இல்லை. அம்மம்மா சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை வாசிக்கிற தஞ்சாவூர்க்காரரோ ரொறன்ரோவில் இருப்பவரோ அம்மம்மாவிடம் வந்து கேட்க முடியாது. நாளைக்கு இன்னொரு பிள்ளை தன் அம்மம்மா வேறு மாதிரிச் சொன்னதாக மாற்றினால், இரண்டு அம்மம்மாக்களுக்கும் இடையில் யார் தீர்ப்புச் சொல்வது?

நாங்கள் ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டோம். அவளுடைய ஊருக்குக் கிட்டத்தான் கற்சிலைமடு. ஆங்கிலேயரை எதிர்த்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் பற்றி அங்குள்ள நினைவுக்கல்லின் ஆங்கில வாசகம், 1803 ஒக்டோபர் 31ஆம் நாள் கப்டன் வொன் டிறிபேர்க் இவ்விடத்துக்கு அண்மையில் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று சொல்கிறது. ஊரில் பலர் அந்த நாளையே பண்டாரவன்னியன் இறந்த நாளாகச் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் எழுதினாள்.

"கல்லை வைச்சு எழுதினனி எண்டால், கல் என்ன சொல்லுது எண்டு திருப்பி வாசி" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தோற்கடிச்சது எண்டுதான் கிடக்கு பெரியம்மா. செத்தவர் எண்டு இல்லை."

அந்த இடைவெளிதான் கலைக்களஞ்சிய எழுத்தின் கூர்மை. கல்லைச் சான்றாகக் காட்டினால் கல் சொன்னதை மட்டும் எழுதலாம். இறந்த நாள் பற்றி வேறொரு வரலாற்று நூல் சொன்னால், அந்த நூலின் பெயரையும் பக்க எண்ணையும் கொடுத்து 'இன்னார் இவ்வாறு எழுதுகிறார்' என்று சேர்க்கலாம். இரண்டு நூல்கள் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதலாம். எது சரி என்று நாமே ஊகித்து ஒரு புது முடிவைச் சொல்வதற்கு மட்டும் அங்கே இடமில்லை. புதிதாக ஆய்வு செய்ய ஆசை இருந்தால் அதைச் சஞ்சிகையிலோ நூலிலோ எழுதுங்கள்; நன்றாக எழுதினால் பிறகு ஒருவர் விக்கிப்பீடியாவில் உங்களைச் சான்றாகக் காட்டுவார்.

சரி, எது நம்பகமான சான்று? பெயர் தெரிந்த பதிப்பகம் வெளியிட்ட நூல், பல்கலைக்கழக ஆய்விதழ், வீரகேசரி, தினக்குரல், உதயன் போன்ற பத்திரிகைகளின் செய்தி, அரசு வெளியிட்ட அறிக்கை. முகநூல் பதிவு, புலனத்தில் (வட்ஸ்அப்பில்) வந்த செய்தி, யாரென்று தெரியாத ஒருவரின் காணொளி இவை ஆகா. எங்கள் குளத்தின் விடயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 80 எக்டயருக்குக் குறைவாகப் பாசனம் கொடுக்கிற குளங்கள் சிறு குளங்கள் என்ற வகையில் வருகின்றன. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்களைப் பற்றித் தேடினால் ஏதாவது கிடைக்கும். சிறு குளங்களைப் பற்றி நூல்களில் அவ்வளவாக இருக்காது. கமநல சேவை நிலையத்தில் கோப்பு இருக்கும், ஆனால் கோப்பு பிரசுரம் ஆகாதது. மாவட்டச் செயலகம் வெளியிடுகிற புள்ளிவிபரக் கையேடு பிரசுரம் ஆனது. அதில் குளத்தின் பெயரும் அளவும் இருந்தால் அதைக் காட்டலாம். இன்னும் பழையதைத் தேடுகிறவர்கள் ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கையேட்டைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து அரச அதிகாரியின் கண் அது. அப்படி எடுத்துக்கொண்டு வாசியுங்கள்.

இங்கே ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். வேறு ஊர்களில் இருப்பவர்களுக்குச் சான்று தேடுவது அலுப்பான வேலை. எங்களுக்கு அது புண்ணைத் தொடுகிற வேலை. 2009இல் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். பாடசாலைப் பதிவேடுகள், சங்கக் குறிப்புப் புத்தகங்கள், கோயில் மலர்கள், வீட்டு அல்பங்கள் எல்லாம் பங்கருக்குள்ளும் தெருவோரத்திலும் போயின. 'சான்று தேவை' என்ற சிறு எழுத்தை நம் ஊர்க் கட்டுரை ஒன்றில் பார்க்கும்போது, இருந்த சான்று எங்கே போனது என்று ஒரு கணம் நெஞ்சு அடைக்கும். ஆனாலும் எல்லாமே போய்விடவில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்கள், பத்திரிகைகள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள் என்று பெருந்தொகையானவை வருடப்பட்டு (ஸ்கான் செய்யப்பட்டு) கிடக்கின்றன. முதலில் அங்கே ஊர்ப்பெயரைப் போட்டுத் தேடுங்கள். எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தேடுங்கள். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரிடம் கேளுங்கள். போர் இறுகுவதற்கு முன் கொண்டுபோன ஒரு மலர் யாருடைய பெட்டியிலாவது இருக்கும். கிடைத்தால் அதை நூலகத்துக்குக் கொடுத்து ஏற்றச் செய்யுங்கள். அம்மம்மாவின் கதையையும் விட்டுவிடாதீர்கள். கைபேசியில் ஒலிப்பதிவு செய்து, நாளும் இடமும் குறித்து வையுங்கள். விக்கிப்பீடியாவுக்கு அது இன்று பொருந்தாமல் போகலாம். வாய்மொழி வரலாற்றுக்கு வேறு இடங்கள் உண்டு, அம்மம்மாவுக்கு வயதும் போகிறது.

நடுநிலை என்றால்

நம்பிக்கையையும் நடந்ததையும் பிரித்து எழுதுவது ஒரு பழக்கம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். வைகாசியில், கடலிலிருந்து தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிக்கிறார்கள். நான் சின்ன வயதிலிருந்து கையெடுத்துக் கும்பிட்ட விளக்கு அது. கட்டுரையில் 'அம்மனின் அற்புதத்தால் கடல்நீரில் விளக்கு எரிகிறது' என்று எழுதினால் அது பக்தியின் மொழி. 'கடல்நீரில் விளக்கேற்றும் சடங்கு நடைபெறுகிறது. இதை அம்மனின் அற்புதமாகப் பக்தர்கள் போற்றுகின்றனர்' என்று எழுதினால் கும்பிடுகிறவரும் கும்பிடாதவரும் ஒத்துக்கொள்வார்கள். இப்படி எழுதுவதால் அம்மனுக்கு ஒரு குறையும் வராது.

போரைப் பற்றி எழுதும்போது இது இன்னும் கடினம். உயிரிழந்தோர் தொகை பற்றி எழுத விரும்பினால், எண்ணை மட்டும் தனியாக வைக்காதீர்கள். சொன்னவரையும் சேர்த்து எழுதுங்கள். ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011இல் தன் அறிக்கையில், கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்ற மதிப்பீடுகளைக் குறிப்பிட்டது. அந்த வசனத்தை அப்படியே, குழுவின் பெயரோடும் ஆண்டோடும் எழுதலாம். மறுக்கிறவர்கள் இருந்தால் அவர்கள் மறுக்கிறார்கள் என்பதையும் சான்றோடு எழுதலாம். 'கொடூரமான', 'வீரமிக்க' என்ற அடைமொழிகள் தேவைப்படாது. சான்றோடு நிற்கிற ஒரு வெறும் வசனத்தை யாராலும் எளிதில் அழிக்க முடியாது. கோபத்தோடு எழுதிய பத்து வசனங்களை ஒரு நிமிடத்தில் நீக்கிவிடுவார்கள். நான் இழந்தவர்களை நினைத்துக்கொண்டே அந்த மாதிரி வெறும் வசனங்களை எழுதியிருக்கிறேன். எழுதி முடித்துவிட்டு எழுந்து போய் முற்றத்தில் நிற்பேன்.

இதே காரணத்துக்காகத்தான் சொந்தக்காரரைப் பற்றியும், தன்னைப் பற்றியும், தான் வேலை செய்கிற இடத்தைப் பற்றியும் எழுதுவதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அன்பு இருக்கிற இடத்தில் அளவு தவறும். ஒருவரைப் பற்றி அவரோடு தொடர்பில்லாத பிறர் விரிவாக எழுதியிருக்கிறார்களா என்பதுதான் கட்டுரைக்குத் தகுதி. இதைக் 'குறிப்பிடத்தக்கமை' என்பார்கள். என் தகப்பனார் நல்ல ஆசிரியர்; அவரிடம் படித்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அவரைப் பற்றி விக்கிப்பீடியாவில் கட்டுரை இல்லை, நான் தொடங்கவும் மாட்டேன்.

எங்கள் சொற்கள்

'குளம்' என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் கோயில் குளத்தை நினைப்பார். அவர்கள் ஏரி என்றும் கண்மாய் என்றும் சொல்வதைத்தான் நாங்கள் குளம் என்கிறோம். ஆகவே முதல் வசனத்திலேயே அதைத் தெளிவாக்க வேண்டும்: 'இரணைமடுக் குளம் என்பது இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்தில் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட பாசன நீர்த்தேக்கமாகும்.' இந்த ஒரு வசனத்தில் என்ன, எங்கே, எதற்கு என்ற மூன்றும் வந்துவிட்டன. எந்தக் கட்டுரையையும் இப்படித் தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அதற்காக நம் சொற்களைக் கைவிட வேண்டியதில்லை. குளம் வான் பாய்கிறது, துருசு திறந்தார்கள் என்று எழுதலாம். முதன்முறை வரும்போது பக்கத்தில் 'மிகைநீர் வழிந்தோடும் இடம்', 'மதகு' என்று ஒரு சிறு விளக்கம் போட்டால் போதும். இலங்கை பற்றிய கட்டுரையில் நாம் 'வீதி' என்று எழுதியதை ஒருவர் 'சாலை' என்று மாற்றினால், பேச்சுப் பக்கத்தில் மரியாதையாகக் காரணம் சொல்லித் திரும்ப மாற்றலாம். அதேபோல மதுரையைப் பற்றிய கட்டுரைக்குள் போய் அவர்களின் சொற்களை நாமும் மாற்றக் கூடாது. இரண்டு எழுத்துக்கூட்டல் உள்ள பெயருக்கு ஒன்றைத் தலைப்பாக வைத்து, மற்றதை 'வழிமாற்று' ஆக்கிவிடலாம். எதைத் தேடினாலும் ஒரே பக்கத்துக்கு வந்து சேரும்.

பார்த்து எழுதுவதும் படம் எடுப்பதும்

பெறாமகளின் கட்டுரை நீக்கப்பட்டதற்கு முதற் காரணம் பதிப்புரிமை. மலரில் இருந்தால் அது எல்லோருக்கும் சொந்தம் என்று அவள் நினைத்திருந்தாள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை இருக்கிறது. விக்கிப்பீடியாவில் எழுதுகிற ஒவ்வொன்றையும் யாரும் எடுத்து, மாற்றி, விற்கவும் கூட அனுமதிக்கிற உரிமத்தின் கீழ்தான் நாம் எழுதுகிறோம். பிறர் எழுதியதை அப்படிக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. தகவலுக்கு உரிமை கிடையாது, வசனத்துக்குத்தான் உரிமை. ஆகவே மலரை வாசித்து, மூடி வைத்துவிட்டு, சொந்த வசனத்தில் எழுதுங்கள். பிறகு திறந்து ஆண்டும் எண்ணும் சரியா என்று பாருங்கள். கீழே மலரைச் சான்றாகக் காட்டுங்கள்.

இயந்திர மொழிபெயர்ப்பையும் செயற்கை நுண்ணறிவு எழுதித் தருவதையும் அப்படியே ஒட்டாதீர்கள். இல்லாத நூலுக்குப் பக்க எண் கொடுக்கிற வேலையை அவை செய்கின்றன. நம் சிறு ஊர்களைப் பற்றிக் கேட்டால் இன்னும் மோசம்.

எழுத இன்னும் தயக்கமாக இருந்தால் படம் எடுங்கள். நம் பகுதிக்கு இது பெரிய உதவி. வான் பாய்கிற குளம், பாலை மரம் பூத்த கிளை, ஊர்ப் பெயர்ப்பலகை, புதிதாகக் கட்டிய புகையிரத நிலையம். யாழ்தேவிப் புகையிரதம் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்த நாளில் எத்தனை பேர் கைபேசியில் படம் எடுத்தார்கள்! அவற்றில் ஒன்றைப் 'பொதுவகம்' என்கிற படக் களஞ்சியத்தில் ஏற்றினால் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் பயன்படுத்தலாம். நீங்களே எடுத்த படமாக இருக்க வேண்டும். கூகுளில் கிடைத்தது கூடாது. ஏற்ற முன் கைபேசியில் இட அடையாளத்தைப் பாருங்கள். குளத்துப் படத்துக்கு இடம் தெரிவது நல்லது, வீட்டு முற்றத்தில் எடுத்த படத்துக்கு வேண்டாம்.

அழித்துவிட்டால்

நீங்கள் எழுதியதை ஒருவர் மாற்றுவார், மீளமைப்பார். கட்டாயம் நடக்கும். உடனே திரும்பப் போடாதீர்கள். அவர் நீக்க, நீங்கள் போட, அவர் நீக்க என்று போவதைத் தொகுப்புப் போர் என்பார்கள், அதில் இரண்டு பேருக்கும் தடை விழலாம். வரலாற்றைத் திறந்து, அவர் சுருக்கப் பெட்டியில் என்ன காரணம் எழுதியிருக்கிறார் என்று வாசியுங்கள். விளங்காவிட்டால் கட்டுரையின் பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். 'வணக்கம். நான் சேர்த்த வசனத்தை நீக்கியிருக்கிறீர்கள். என்ன குறை என்று சொன்னால் திருத்திக்கொள்வேன்' என்று எழுதி, முடிவில் நான்கு அலைக்குறி (~~~~) இடுங்கள். உங்கள் பெயரும் நேரமும் கையெழுத்தாக விழும். எதிரில் இருப்பவர் அறுபது வயது ஐயாவாக இருக்கலாம், பத்தாம் வகுப்புப் பிள்ளையாகவும் இருக்கலாம். எல்லோரையும் 'நீங்கள்' என்றே அழையுங்கள்.

பொதுவான கேள்விகளுக்கு 'ஆலமரத்தடி' என்று ஒரு பக்கம் இருக்கிறது. பஞ்சாயத்து, புதினம், உதவி எல்லாம் அங்கேதான். அந்தப் பெயரை யார் வைத்தாரோ, அவர் நம்மைப் போன்ற ஓர் ஊரில் வளர்ந்தவராக இருக்க வேண்டும் என்று நான் எப்போதும் நினைப்பேன். என் பெறாமகள் முதலில் அங்கே எழுத வெட்கப்பட்டாள். எழுதிய அன்றே தமிழ்நாட்டிலிருந்து ஒருவரும் வெளிநாட்டிலிருந்து ஒருவரும் பதில் போட்டிருந்தார்கள். ஒருவர் அவளுடைய மணல்தொட்டி வரைவைப் படித்துத் தலைப்பைத் திருத்திக் கொடுத்தார்.

இப்போது அந்தக் குளத்துக்கு ஒரு பக்கம் இருக்கிறது. ஆறு வசனம், மூன்று சான்று, வான் பாயும்போது அவளே எடுத்த ஒரு படம். குளக்கட்டு முதலில் கட்டப்பட்ட ஆண்டைப் பற்றி ஊரில் எல்லோரும் ஒன்றைச் சொல்கிறார்கள். எழுத்தில் இன்னும் கிடைக்கவில்லை. அந்த வசனத்தை அவள் கட்டுரையில் சேர்க்காமல் பேச்சுப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறாள். யாராவது மாற்றினால் தெரியவரும்படி பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் போட்டிருக்கிறாள். வருகிற கிழமை முல்லைத்தீவுக்குப் போய்ப் பழைய புள்ளிவிபரக் கையேடுகள் இருக்கிறதா என்று கேட்கப் போகிறாளாம். எந்த ஆண்டுகளைக் கேட்க வேண்டும் என்று இன்று காலை ஒரு பட்டியல் எழுதி அனுப்பினேன்.